பாய்மரத்தை நிறுத்தும் மூன்று கம்பிகள்

மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையில் எங்கட வாப்பா பாய்த்தோணி ஓட்டிய காலத்தில் பாய்மரத்தைத் தாங்கியது தென்னந்தும்புக் கயிறு. அதையும் காற்று வரும் பக்கத்தில்தான் இறுக்கிக் கட்டுவார். தோணி திரும்பினால் கயிற்றை அவிழ்த்து மற்றப் பக்கம் மாற்ற வேண்டும். (14ஆம் நூற்றாண்டில் மாலைதீவில் இருந்த இப்னு பதூதா, இந்தத் தும்புக் கயிற்றால் கப்பல் பலகைகளையே தைப்பார்கள் என்று எழுதியிருக்கிறார்.)

மூன்று வருடத்துக்கு முன் நான் வாங்கிய பதின்மூன்று அடி பைபர் படகில் கதை வேறு. பாய்மரம் தனியாக வந்தது. கூடவே ஒரு சாக்கு நிறையச் சிக்குப்பட்ட கம்பிகள். “மாமா, இதுல எது எங்க போற?” என்று மருமகன் கேட்டார். எனக்கும் தெரியாது.

முதலில் எல்லாவற்றையும் முற்றத்தில் நீட்டிப் போட்டோம். கையில் எடுத்தால் நூல்போல வளைகிற கம்பி, பாயை ஏற்றி இறக்குவதற்கு. கப்பியில் ஓடவேண்டும் என்பதால் மெல்லிய இழைகள் நிறையச் சேர்த்துத் திரித்திருப்பார்கள். மரத்தைத் தாங்கும் கம்பி அப்படியல்ல. 19 தடித்த இழைகள். விறைப்பாகக் கிடக்கும், இலேசில் நீளாது. அந்த விறைப்பான கம்பிகளில் ஒரே அளவான இரண்டு இருந்தால் அவை பக்கக் கம்பிகள். ஆங்கிலத்தில் ஷ்ரவுட் என்பார்கள். ஜோடியில்லாமல் தனித்து நிற்பது அணியத்துக்குப் போகும் முன்கம்பி. அது பெரும்பாலும் மற்றதைவிட நீளம். ஆனால் சில படகில் அதன் அடியில் ஒரு சாண் அளவுக்குக் கயிறு கோத்துக் கட்டுவார்கள். அப்போது கம்பி கட்டையாகத் தெரிந்து ஆளை ஏமாற்றும்.

பின்கம்பி எங்கே என்று நாங்கள் அரை நாள் தேடினோம். இப்படிச் சின்னப் படகுகளில் அது கிடையாது. பக்கக் கம்பிகளைப் பூட்டும் இடம் பாய்மரத்துக்குச் சற்றுப் பின்னால் இருப்பதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது: பக்கத்துக்கு இழுக்கும் அதே கம்பிகள் பின்னுக்கும் இழுக்கின்றன.

பூட்டுமுன் ஒரு துணியைக் கம்பி நெடுகிலும் ஓட்டிப் பாருங்கள். அறுந்த இழை இருந்தால் துணி மாட்டும். வெறுங்கையால் தடவினால் கை கிழியும். கீழ்முனையில்தான் உப்புத்தண்ணீர் தங்கும், அங்கே வெடிப்போ துருவோ தெரிந்தால் கம்பியை மாற்றவேண்டும்.

தலைக்கு மேலே மின்சாரக் கம்பி இல்லாத இடத்தில் மரத்தைத் தூக்குங்கள். பக்கக் கம்பிகளைத் தளர்வாகப் பூட்டி, ஒருவர் மரத்தைப் பிடிக்க மற்றவர் முன்கம்பியைக் கட்டவேண்டும். மறுகா, பாய் ஏற்றும் கயிற்றில் அளவு நாடாவைக் கட்டி உச்சிக்கு அனுப்பி, இரண்டு பக்க விளிம்புக்கும் அளந்து பாருங்கள். இரண்டும் சரிசமமாக வந்தால் மரம் நேர். பிறகு இறுக்கலாம். ஓடும்போது காற்று வரும் பக்கத்துக் கம்பி விறைக்கும், மற்றது கொஞ்சம் தளரும். அது பிழையல்ல. தொங்கி ஆடினால்தான் இறுக்கம் போதாது.

இத்தனையும் சரியாகச் செய்தேன். கம்பியைப் படகோடு பூட்டும் ஆணி கழராமல் இருக்க அதன் நுனியில் சாவி வளையம் மாதிரி ஒரு சின்ன வளையம் போடவேண்டும். ஒன்று தொலைந்திருந்தது. நான் கட்டுக்கம்பித் துண்டு ஒன்றை முறுக்கிவிட்டேன்.

கச்சான் காற்று அடித்த ஒரு பின்னேரம், முன்பாயின் கயிறு அந்த முறுக்கில் மாட்டி அதைப் பிடுங்கியது. ஆணி கழன்றது. மரம் மறுபக்கம் சாய்ந்து கடலில் விழுந்தது. ஒரு நிமிடத்துக்கு முன் மருமகன் அந்தப் பக்கம்தான் குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். காற்று எங்களை வெளியே தள்ளத் தள்ள, மீன்பிடி வள்ளம் ஒன்று வந்து இழுத்துக் கரை சேர்த்தது.

இப்போது வளையங்களில் ஆறு மேலதிகமாக என் பையில் கிடக்கின்றன. பூட்டிய ஒவ்வொன்றின் மேலும் ரேப் சுற்றுகிறேன். மகளுக்கு நாங்கள் இருவரும் இன்னும் சொல்லவில்லை. இந்த இதழ் வீட்டுக்கு வந்தால் தெரிந்துவிடும்.