திருமுகமும் ஓலையும்

திருக்கோயிலை வலம்வரும் அடியார் அதிட்டானத்திலும் மதிலிலும் காணும் கல்லெழுத்துக்களிற் பல, அரசர் பிறப்பித்த ஆணைகளின் படிகளாகும். அரசன் வாய்திறந்து உரைத்த அளவிலேயே அவ்வுரை ஆணையாகிவிட்டது என்று பலரும் கருதுவர். அக்கல்லெழுத்துக்களைப் படித்தறிந்தோர் அவ்வாறு கருதார்.

ஆணை என்னும் சொற்கு ஏவல் என்பது ஒரு பொருள்; சூளுறவு என்பது மற்றொன்று. தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டக் குயவனாரைத் தீண்டலாகாது எனத் தடுத்த மனைவியார், இறைவனது திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டார். இளமை கழிந்து முதுமை எய்துங்காறும் நாயனார் அதனைக் கடந்திலர். அங்கே ஏவியவர்க்குப் படையும் இல்லை, முடியும் இல்லை. எவர் பெயரால் ஆணை பிறந்ததோ அப்பெயரே அவரைக் கட்டி நிறுத்தியது.

இனி, அரசாணை நடந்த முறையைக் காண்போம். சோழ மன்னர் ஒரு நிலத்தைத் தேவதானமாக அளிக்கத் திருவாய் மலர்ந்தால், அதனைக் கேட்டு நிற்போர்க்குத் திருவாய்க்கேள்வி என்று பெயர். கேட்டதை ஓலையில் எழுதுவோன் திருமந்திர ஓலை. எழுதியது சொல்லியதனோடு ஒத்துள்ளதா என நோக்கி ஒப்பமிடுவோர் திருமந்திர ஓலை நாயகம். அதன்பின் புரவுவரித் திணைக்களத்தார் கூடியிருந்து அக்கொடையை வரிக்கணக்கில் ஏற்றுவர். இத்தனை பேருடைய பெயர்களும் சாசனத்தில் இடம்பெறும்; பிழை நேரின் எவர் கையில் நேர்ந்தது என்பது மறையாது. இக்காலத்து அலுவலகக் கோப்புகளிலும் இவ்வளவு தெளிவு உண்டா என்பது ஐயமே.

திருமுகம் நாட்டார்க்கு வந்து சேரும்போது அவர்கள் எதிர்சென்று தொழுது தலைமேற் கொள்வர். சிரமேற்கொள்ளுதல் என்று நாம் இன்று வழங்குவதை அவர்கள் மெய்யாகவே செய்தனர். பின்னர்ப் பெண்யானையை எல்லைவழியே நடத்தி, கல்லும் கள்ளியும் நாட்டி, அறவோலை எழுதிக் கொடுப்பர். ஊரார் கண்முன் எல்லை வகுக்கப்பட்ட பின்னரே கொடை நிலைபெறும்.

முதலாம் இராசராசன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்திற்கு அளித்தான். சிவபாதசேகரன் எனப் பெயர்பூண்ட மன்னன் பௌத்தப் பள்ளிக்கு அளித்த கொடை அது. அவனுக்குப் பின் மகன் இராசேந்திரன் அவ்வாணையைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்தான். பிற்காலத்தில் ஆலந்து நாட்டு லெய்டன் நகர்ப் பல்கலைக்கழகத்தை அடைந்தமையால் அது லெய்டன் செப்பேடு எனப் பெயர்பெற்றது. தந்தை சொல்லை மைந்தன் செம்பில் ஏற்றியமைக்குக் காரணம் உண்டு. ஈந்தவன் மறைந்தபின் கொடையைக் காப்பவர் யார் என்னும் கவலை எல்லா அரசர்க்கும் இருந்தது. அதனாலன்றோ இவ்வறத்தைக் காப்பவன் திருவடி தம் தலைமேல் என்று முடிமன்னரும் எழுதிவைத்தனர்! இன்னும் பிறவாத ஒருவனுக்கு அவர்கள் தலைவணங்கினர்.

ஓலையின் பெருமையைச் சேக்கிழார் பெருமான் பாடிய இடமும் இங்கு நினைத்தற்குரியது. அநபாய சோழனின் அமைச்சராய் விளங்கினார் என்று மரபு கூறும் அவர்க்கு ஆவண வழக்குகள் நன்கு தெரியும். புத்தூரில் நம்பியாரூரர் திருமணத்தைத் தடுத்த முதிய வேதியர், அவர் தமக்கு அடிமை என்று ஓலை காட்டினார். ஆரூரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழிந்தது படியோலை என்றும், மூலஓலை தம்மிடம் உளது என்றும் முதியவர் கூற, வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது.

அவையத்தார் வந்தவர் எவர் என்று அஞ்சவில்லை. முதுமைக்கு இரங்கித் தீர்ப்பளிக்கவும் இல்லை. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் வழக்கை நிறுவுக என்றனர். ஓலையில் இருந்த சான்றாளர் எழுத்தை நோக்கினர். ஆரூரர் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டனர். ஒத்திருக்கக் கண்ட பின்னரே ஆரூரர் தோற்றார் என்றனர். அனைத்துலகையும் ஆளுடைய பெருமான், ஊரவையின் முன் ஓலையை நீட்டி அத்தீர்ப்புக்காகக் காத்து நின்றார்.

அவ்வளவோடு அவையத்தார் அமையவில்லை. இவ்வூரே தம் ஊர் என்று ஓலையிற் கண்டபடி முதியவரது வீடு எங்குளது எனக் கேட்டனர். காட்டுவேன் வாரும் என்று முன்னே நடந்த முதியவர், திருவருட்டுறைத் திருக்கோயிலுள் புகுந்து மறைந்தார்.