வற்றலும் விதையும்

ஆடிப்பட்டத்தில் ஊன்றிய கொல்லைச் செடிகள் தை மாதம் வரை காய்த்து, மாசி பிறந்ததும் ஓயத் தொடங்குகின்றன. கத்தரியின் இலைகள் பழுத்து உதிர்கின்றன. பந்தலில் அவரைக்கொடி காய்கிறது. கிணற்று நீரும் கீழிறங்குகிறது. எஞ்சிய காய்கள் ஒருசேர முற்றும் இந்நாள்களில், கொல்லையில் நிற்பவர் ஒவ்வொரு காய்க்கும் ஒரு முடிவு எடுக்கிறார். அது இன்றைய குழம்புக்கா, கோடைக்கான வற்றலுக்கா, அடுத்த ஆடிக்கான விதைக்கா?

வற்றல், விதை இரண்டும் உலர்த்திக் காப்பவையே. ஆயினும் வற்றலில் காயின் உயிர்ச்செயல் முற்றிலும் அடங்க வேண்டும். விதையிலோ உயிர் உறங்க வேண்டும். இந்த வேறுபாட்டை மறந்தால் ஒன்று பூசணம் பிடிக்கும், மற்றொன்று முளைக்காது.

வற்றலுக்குரிய கத்தரியும் கொத்தவரையும் விதை முற்றுவதற்கு முன்பே பறிக்கப்படுகின்றன. அவற்றை உப்பு நீரில் அரைவேக்காடாக வேகவைத்து வெயிலில் பரப்புவர். நிறத்தையும் சுவையையும் கெடுக்கும் நொதிகளை வெப்பம் செயலிழக்கச் செய்கிறது. உப்பு காயின் நீரை வெளியே இழுக்கிறது. மிளகாயைக் கீறி, உப்பிட்ட மோரில் ஊறவைத்துப் பகலில் உலர்த்துவர். மாலையில் மீண்டும் அதே மோரில் இடுவர். மோர் முழுவதும் வற்றும்வரை இது தொடரும். உப்பும் புளிப்பும் சேர்ந்து நுண்ணுயிர்களைத் தடுப்பதால் உலரும் நாள்களிலும் மிளகாய் கெடுவதில்லை. துண்டுகள் தடிப்பாக இருந்தால் மேற்புறம் இறுகி உள்ளே ஈரம் தங்கிவிடும். மாசிப் பனியில் இரவு முழுதும் மாடியில் விட்டுவைத்தால் பகல் வெயிலின் பயன் பாதியாகக் குறையும். ஒடித்தால் முறிய வேண்டும். குலுக்கினால் கலகலக்க வேண்டும். வெயிலின் சூடு தணிந்த பின்னரே சாடியில் இட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும்.

விதைக்கு விடுவது இதைவிடக் கடினம். நல்ல காயைக் கண்டால் கை தானாகவே பறித்துவிடுகிறது. கடைசியில் எஞ்சும் சொத்தைக் காயே விதைக்காயாகிறது. நோயற்ற செடியின் திரண்ட காய்களைத் தொடக்கத்திலேயே தெரிவுசெய்து நூல் கட்டிவிடுவதே நல்ல வழி. கத்தரி மஞ்சளாகும் வரையும், வெண்டை பழுப்பேறி வெடிக்கும் வரையும், பீர்க்கு கொடியிலேயே உலர்ந்து விதை குலுங்கும் வரையும் காத்திருக்க வேண்டும். தக்காளி விதையைச் சூழ்ந்த வழவழப்பு முளைப்பதைத் தடுக்கும். எனவே அதை ஓரிரு நாள் புளிக்கவிட்டுக் கழுவுகின்றனர்.

விதைகளுக்கு உச்சிவெயில் ஆகாது. காலை, மாலை இளவெயிலோ நிழலோ போதும். விதையின் ஈரம் 14 முதல் 5 விழுக்காடு வரையிலான எல்லைக்குள் ஒவ்வொரு விழுக்காடு குறையும்போதும் அதன் சேமிப்பு ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது ஹாரிங்டன் என்னும் விதை அறிஞர் வகுத்த விதி. சாம்பல் கலந்து பானையில் வைப்பதிலும் பொருளுண்டு. நுண்ணிய சாம்பல் வண்டின் மேல்தோலைச் சிராய்த்து, அதன் உடல்நீரை வற்றச் செய்கிறது. அவரை வண்டு பானைக்குள் புதிதாக நுழைந்ததென்றே பலர் எண்ணுவர். பெரும்பாலும் அது பந்தலிலேயே காய்மீது முட்டையிட்டு, விதையோடு வீட்டுக்குள் வந்ததாகும்.

வீரிய ஒட்டுச் செடியின் விதையைச் சேமிப்பதில் பயன் குறைவு. அதன் வழித்தோன்றல்கள் தாய்ச்செடியை ஒத்திருப்பதில்லை. நாட்டு வகைகள் அப்படியல்ல. வேலூர்ப் பகுதியின் முள்கத்தரி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. தலைமுறைதோறும் சில காய்களை உண்ணாமல் விட்டுவைத்தவர்கள் இல்லையெனில் அந்தக் குறியீட்டுக்கு உரிய கத்தரியே இருந்திராது.

ஆடி நெருங்கும்போது பானை திறக்கப்படுகிறது. பத்து விதைகளை ஈரத்துணியில் முடிந்து சில நாள் வைத்துப் பார்க்கின்றனர். எட்டு முளைத்தால் அச்சமின்றி ஊன்றலாம். இரண்டே முளைத்தால், அண்டை வீட்டுப் பானையில் அந்த விதை இருக்கிறதா என்று கேட்டு வர வேண்டியதுதான்.