பேரப்பிள்ளையின் முதல் அம்பு: பாதுகாப்பாகத் தொடங்குவோம்

பள்ளி விடுமுறையில் வில்வித்தை பழக உங்கள் பேரப்பிள்ளை ஆசைப்படுகிறாரா? தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். தோளுக்கும் முதுகுக்கும் இது நல்ல பயிற்சி. பொறுமையும் கவனமும் வளரும். ஆனால், குறி தவறிய ஓர் அம்பு ஒருவரின் பார்வையையே பறித்துவிடக்கூடும். ஆகவே, அம்பு எய்வதற்கு முன்பே பிள்ளை கற்க வேண்டியது, சொன்னவுடன் நிறுத்துவதை.

பிள்ளை தயாரா?

வயதை மட்டும் பார்க்க வேண்டாம். 8 வயதுப் பிள்ளை தயாராக இருக்கலாம். 11 வயதுப் பிள்ளைக்கு இன்னும் சிறிது காலம் தேவைப்படலாம். பந்து விளையாடும்போது "நில்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே நின்று, தன் முறைக்குக் காத்திருக்கும் பிள்ளை தயார்.

எங்கே பழகலாம்?

பயிற்றுவிப்பாளர் உள்ள வில்வித்தைத் திடலில் மட்டும். வீட்டுத் தாழ்வாரம், புளோக்கின் கீழ்த்தளம், பூங்கா ஆகியவை இதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. விளையாட்டு அம்பின் ரப்பர் முனை கழன்றுவிட்டால், அதுவும் கண்ணைக் காயப்படுத்தும்.

வில்லும் உடையும்

• வில்லை உடனே வாங்க வேண்டாம். பிள்ளையின் உயரத்திற்கும் வலுவிற்கும் ஏற்றதைப் பயிற்றுவிப்பாளர் தேர்ந்தெடுக்கட்டும்.
• நாணை இழுக்கும்போது கை நடுங்கினால், அந்த வில் பிள்ளைக்குக் கடினமானது.
• அம்பு குட்டையாக இருந்தால், வில்லைப் பிடித்த கையில் குத்தக்கூடும்.
• அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடக்கூடாது. வில் உடைந்து காயம் ஏற்படலாம்.
• கைக்காப்பும் விரல் காப்பும் அணியட்டும். நீண்ட முடியைக் கட்டிவிடுங்கள். சங்கிலி, தொங்கும் காதணி, தளர்ந்த சட்டை வேண்டாம். விரல்களை மூடும் காலணி அவசியம்.

விசில் சொல்வது என்ன?

போட்டிகளில் பின்பற்றப்படும் விசில் முறை இது:

• 2 முறை: எய்யும் கோட்டுக்கு வரலாம்.
• 1 முறை: எய்யத் தொடங்கலாம்.
• 3 முறை: எய்வது முடிந்தது, அம்புகளை எடுக்கச் செல்லலாம்.
• 5 முறை அல்லது அதற்கு மேல்: ஆபத்து! உடனே நிறுத்த வேண்டும்.

நீங்கள் செல்லும் திடலின் முறையையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் கைதட்டி இதை ஒரு விளையாட்டாகவே பழக்கலாம்.

அம்புகளை எடுக்கும்போது

ஓடக்கூடாது, நடந்து செல்ல வேண்டும். இலக்கில் குத்தி நிற்கும் அம்பின் பின்முனையும் கண்ணைக் குத்தும். அம்பைப் பிடுங்குபவருக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. கோட்டுக்கு முன்னே விழுந்த அம்பை, அனுமதி கிடைக்கும்வரை எடுக்க வேண்டாம்.

தாத்தா, பாட்டியின் பங்கு

• காத்திருக்கும் கோட்டுக்குப் பின்னால் அமருங்கள்.
• பிள்ளை நாணை இழுத்திருக்கும்போது பெயர் சொல்லி அழைக்காதீர்கள். அவர் உங்கள் பக்கம் திரும்பினால், அம்பும் திரும்பும்.
• படம் எடுக்க முன்னே செல்ல வேண்டாம்.
• வெயிலில் பழகினால், அடிக்கடி தண்ணீர் கொடுத்து நிழலில் ஓய்வெடுக்கச் செய்யுங்கள். நீங்களும் தண்ணீர் குடியுங்கள்.
• "கை வலிக்கிறது" என்றால் அன்றைய பயிற்சி போதும்.

கண்ணில் அடிபட்டால்

• கண்ணைக் கசக்கவோ அழுத்தவோ விடாதீர்கள்.
• குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள். கண்ணைக் கழுவ வேண்டாம்.
• காகிதக் குவளை ஒன்றால், கண்ணில் படாதவாறு மூடுங்கள்.
• உடலில் வேறு இடத்தில் அம்பு தைத்தாலும் அதைப் பிடுங்க வேண்டாம்.
• உடனே 995 எண்ணை அழையுங்கள்.

வலி குறைந்தாலும், பார்வை தெளிவாக இருந்தாலும், கண்ணில் அடிபட்ட பிள்ளையை அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணுக்குள் ஏற்படும் இரத்தக் கசிவு வெளியே தெரியாமல் இருக்கலாம்.