பத்து மணிக்கு மேல்

மேலநீலிதநல்லூர் ஒன்றியத்தில் ஒரு சின்ன ஊர். வில்லுப்பாட்டுக் குழுவை நடத்தும் அண்ணாவி ஒருவர் வீட்டுத் திண்ணைச் சுவரில், ஜவுளிக்கடை கொடுத்த மாதக் காலண்டர் தொங்குகிறது. ஏப்ரல், மே தாள்களில் செவ்வாய்க்கிழமைக் கட்டம் எல்லாம் சிவப்பு மை. கட்டத்துக்கு ஓர் ஊர்ப்பெயர், அதன் பக்கத்தில் ‘அ’ என்று ஓர் எழுத்து. அட்வான்ஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். ‘அ’ இல்லாத ஊர் இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் ஒன்றிரண்டு காலி. மற்ற ஐந்து நாளும் வெறுந்தாள்.

“சீசன் இவ்வளவுதான் தம்பி” என்றார்.

அதே வாரம் ஜெர்மனியில் இருக்கும் என் சித்தி மகன், தான் சந்தா கட்டியிருக்கும் ஓர் இசைக்குழுவின் அடுத்த சீசன் அட்டையைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, ஆக நாலு பேர். செப்டம்பரிலிருந்து மே வரை எந்த நாள், எந்த மண்டபம், யாருடைய படைப்பு என்று முன்கூட்டியே அச்சடித்துவிட்டார்கள். சேம்பர் மியூசிக் என்கிறார்கள். அறைக்குள் வாசிக்கவென்றே பிறந்த இசை. எதிரே நின்று கோல் வீசுகிற நடத்துநர் கிடையாது. பக்கத்து ஆள் மூச்சு வாங்குவதைக் கேட்டுத்தான் தன் வில்லை இழுக்க வேண்டும். படத்தை அண்ணாவியிடம் காட்டினேன். “நாலு பேரு, மைக்கு இல்லையா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்போ நல்லாத்தான் இருக்கும்” என்றார்.

அவர் செட்டில் ஆறு பேர். அங்கே கோல் வீசுகிறவர் உண்டு. ஆனால் அந்தக் கோல் காற்றில் அலையாது, வில்லின் நாண்மேல் விழும். குடத்தின் கழுத்தில் கிடத்திக் கட்டிய நீளமான வில், அதில் வரிசையாகத் தொங்கும் மணிகள், இரண்டு வீசுகோல், குடத்து வாயில் பத்தியால் அடிப்பவர் ஒருவர், உடுக்கை ஒருவர், தாளம், கட்டை. அண்ணாவி ஓர் அடி பாட, எதிரே இருப்பவர் ‘ஆமா’ போட்டு வாங்கி நீட்ட வேண்டும். பாட்டில் வலம், இடம் என்று இரண்டு பக்கம். இருவருக்கும் இடைவெளி ஒரு முழம்கூட இராது.

சென்னைக்காரர்களுக்கு சீசன் என்றால் மார்கழி. 1927 காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து மறு வருஷம் மியூசிக் அகாதமி பிறந்தது. டிசம்பர் கச்சேரிகள் அதன் வழியே வந்தவை. எங்கள் பக்கம் மார்கழியில் வில்லு உத்தரத்தில் தொங்கும். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கும்பிடப் போகும் கூட்டத்தோடு மெல்ல இறங்கி, சித்திரை, வைகாசியில் சூடு பிடித்து, சங்கரன்கோவில் ஆடித்தபசு முடிந்த கையோடு இன்னொரு சுற்று வரும். நடுவில் சித்திரை, வைகாசி இரண்டும் சேர்ந்து அறுபத்திரண்டு நாள் சொச்சம். அதில் ஒன்பது செவ்வாய்க்கு மேல் கிடையாது. எல்லா அம்மனும் அந்த ஒன்பதுக்குள்தான் கொடை என்கிற கோயில் விழாவை வாங்கியாக வேண்டும். ஒரு செட்டுக்கு எவ்வளவு பெயர் இருந்தாலும் ஒரே செவ்வாயில் இரண்டு ஊரில் உட்கார முடியாது. ஜெர்மன் அட்டையில் இந்த நெருக்கடி இல்லை.

ஏன் சித்திரை? முன்பு அதற்குப் பதில் நிலத்தில் இருந்தது. வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழைக்கு விதைத்த பருத்தியும் மிளகாயும் மாசி, பங்குனியில் காசாகும். அடுத்த மழைக்கு இன்னும் நாள் கிடக்கிறது. கையில் பணமும் காட்டில் ஓய்வும் ஒன்றாகச் சேரும் ஒரே இடைவெளி அதுதான். தலைக்கட்டு வரி போட்டால் வீட்டுக்கு வீடு தருவார்கள். இன்று வரிப்பணத்தில் பெரும்பங்கு திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வருகிறது. அனுப்புகிறவர்களுக்குப் பருத்தி எப்போது வெடிக்கும் என்று தெரியாது. பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை லீவு எப்போது என்று தெரியும். அதுவும் ஏப்ரல், மே. காரணம் முழுவதும் மாறிப்போய், தேதி மட்டும் அப்படியே நிற்கிறது. எங்கள் பகுதி திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 2019 நவம்பரில் தென்காசி மாவட்டமாகப் பிரிந்தபோதும் அந்தத் தேதி அசையவில்லை.

கொடை என்பது ஒரு நாள் காரியம் அல்ல. எட்டு நாளுக்கு முன் கால்நாட்டு. திங்கள் இரவு குடியழைப்பு, செவ்வாய் மதியக்கொடை, நடுச்சாமத்தில் சாமக்கொடை. ஒவ்வொன்றுக்கும் வில்லு உண்டு. காப்பு விருத்தம், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம், பிறகு கதை, கடைசியில் வாழி. சாஸ்தா பிறப்பைப் பாடிவிட்டுத்தான் பல செட்டுகள் மற்ற சாமிகளுக்குப் போகும். சாமியாடி மேல் சாமி வரவேண்டிய இடத்தில் வரத்துப் பாட வேண்டும். சாமி வரச் சுணங்கினால் பாட்டும் நீளும். இதற்குக் கடிகாரம் பார்த்து மணி குறிக்க முடியாது. ஒரு கதை இரண்டு இரவு போனதெல்லாம் சாதாரணம்.

இன்று கமிட்டிக்காரர்கள் கையில் ஒரு தாள் இருக்கிறது. மாலை 6 முதல் 8 வரை வில்லிசை, 8 முதல் செண்டை மேளம், பிறகு கரகாட்டமோ பாட்டுக் கச்சேரியோ. செண்டை கேரளத்திலிருந்து வந்து தென்மாவட்டக் கொடைகளில் வெகுவேகமாக இடம் பிடித்துவிட்டது. அதன்மேல் எனக்குப் பகை இல்லை, ஊரே அதிரும், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது அடங்கிய பின் உடுக்கைச் சத்தத்தைக் கேட்கக் காது தயாராவதற்கே அரைமணி நேரம் ஆகிறது.

அண்ணாவிக்குச் சம்பளக் குறை அவ்வளவு இல்லை. அவர் அப்பா காலத்தில் வில்லைத் தோளில் போட்டு வரப்பு வழி நடந்திருக்கிறார்கள். பஸ்ஸில் அவ்வளவு நீள வில்லை ஏற்ற நடத்துநர் ஒத்துக்கொள்ள வேண்டுமே. இப்போது வேன். வெளியூரில் சம்பாதிக்கிறவர்கள் பெயரில் பழைய பீடங்கள் எல்லாம் ஓடு போட்ட, டைல்ஸ் ஒட்டிய கோயில்களாகிவிட்டன. கோயில் கூடினால் கொடையும் கூடும். பெண்கள் தலைமையில் செட்டுகள் நடக்கின்றன. 2018இல் மறைந்த குமரி மாவட்டத்து வில்லிசைக் கலைஞர் பூங்கனி, தன் இளமையில் எத்தனை பேர் முகச்சுளிப்பைத் தாண்டி அந்த வில்லின் நடுவில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தால், இது சின்ன மாற்றம் அல்ல.

அப்படியானால் எது போயிற்று? அண்ணாவியின் பதில் என் கேள்வியைவிடச் சின்னதாக இருந்தது. “மைக்கு வந்த பெறகு நான் குடத்தைக் கேக்கல தம்பி.”

முதலில் புரியவில்லை. அவர் முன்னால் ஒரு மைக், குடத்துக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று. சத்தம் எல்லாம் கம்பி வழியே போய், முப்பது அடி தள்ளி நிற்கும் பெட்டியிலிருந்து வெளியே வந்து, அவர் காதுக்குத் திரும்புகிறது. பக்கத்தில் இருக்கிறவனைப் பெட்டி வழியாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கீபோர்டு வேறு சேர்ந்த பிறகு அவன் சுருதிக்கு எல்லோரும் போகவேண்டும். முன்பு அன்றைய தொண்டைக்கு ஏற்றபடி சுருதி ஏறும், இறங்கும். ஆறு பேர் ஒருவரை ஒருவர் கேட்டு வாசித்த காலம் போய், ஆறு பேரும் சவுண்டு சர்வீஸ்காரரைக் கேட்டு வாசிக்கும் காலம் இது.

நாயனத்திலும் இதே கதை வேறு வடிவில் உண்டு. இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு தாளம், ஒரு ஒத்து. ஒத்து என்பது ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருக்கும் குழல். அதை ஊதுகிறவன் பெரும்பாலும் சிஷ்யப் பிள்ளை. ஊரில் ‘ஒத்து ஊதுகிறான்’ என்று கேலி பேசுகிறோம். ஆனால் அந்தப் பையனுக்கு அதுதான் பள்ளிக்கூடம். இரவு முழுக்கக் குருவின் விலாப்புறத்தில் நின்று, தான் ஒன்றும் வாசிக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பான். ஒத்து போய்ச் சுருதிப்பெட்டி வந்தது, அது போய் எலக்ட்ரானிக் பெட்டி வந்தது, இப்போது போனிலேயே சுருதி கிடைக்கிறது. ஒரு ஆள் சம்பளம் மிச்சம், கூடவே ஒரு சிஷ்யனும் மிச்சம்.

பக்கத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்தவர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாயனம் போட்டியிட்ட ‘சிங்காரவேலனே தேவா’ ஒலிக்காத கல்யாண வீடு இந்தக் கரிசல் பக்கத்தில் இருந்திருக்காது. ஒலிபெருக்கியில் கேட்டுத்தான் ஊர் அவரைக் கொண்டாடியது. அதையும் மறைக்கக் கூடாது. குழாய் ஸ்பீக்கர் எங்களுக்குக் காருகுறிச்சியைக் கொடுத்துவிட்டு எங்கள் ஊர் மேளக்காரரிடமிருந்து ஒத்தை எடுத்துக்கொண்டது.

அறைக்குள் அடங்கிய இசை இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. ஐரோப்பிய இசையமைப்பாளர் ஹெய்டனுக்கு எஸ்டர்ஹாசி பிரபுக்களின் மாளிகை வாய்த்தது 1761இல் என்றால், இங்கே எட்டயபுரம் அரண்மனை இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் அங்கேதான் மறைந்தார். ஐரோப்பிய வயலினைக் கர்நாடக இசைக்குப் பழக்கியவர்களில் முதல்வரான அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அங்கே அரசவை வித்துவான். 1904இல் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வெளியானதும் அந்த ஊரிலிருந்துதான். இன்னும் அருகே வந்தால் ஊற்றுமலை ஜமீன். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துச் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் காவடிச்சிந்து பாடினார். அரண்மனை ஆதரவில் பிறந்தது கழுகுமலைப் பாதையில் காவடி தூக்குகிறவன் காலுக்கு இறங்கிவிட்டது. ஜமீன்கள் போய்விட்டன. அவர்கள் இடத்தில் கொடைக் கமிட்டி உட்கார்ந்திருக்கிறது. மருதப்பத் தேவர் ரசிகர். கமிட்டித் தலைவர் சில ஊரில் ரசிகர், சில ஊரில் காண்ட்ராக்டர்.

வில்லைக் கோயிலிலிருந்து மேடைக்கு ஏற்றியவர்களை ஊர் இரண்டு விதமாகப் பேசும். திருநெல்வேலிக்கு அருகே பிறந்த சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துப் போனவர் என்.எஸ். கிருஷ்ணன். காந்தி கதையும் சமூகக் கதையும் வில்லில் ஏறின. 2021இல் பத்மஸ்ரீ வந்தது, 2022 அக்டோபரில் அவர் மறைந்தார். வில்லு என்ற பேரைத் தாமிரபரணிக்கு வடக்கே கொண்டு போனவர் அவர். ஆனால் மேடைக்குப் போன வில்லுக்கு ஒரு மணி நேரம்தான் கொடுத்தார்கள், வானொலியில் அதைவிடக் குறைவு. கோயில்காரர்கள் அதைக் கேட்டுப் பழகி, இங்கேயும் கடிகாரத்தை நீட்டினார்கள்.

நேரம் குறுகினால் என்ன நஷ்டம் என்பதற்கு முத்துப்பட்டன் கதை ஒன்று போதும். பிராமணப் பிள்ளை, சக்கிலியர் வீட்டு அக்கா தங்கையான பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொண்டு, மாமனார் காவல் காத்த மாட்டைத் தானும் காத்து, களவு தடுக்கப் போய்ச் செத்துப்போகிறான். பாபநாசம் மலைமேல் சொரிமுத்தையன் கோயிலில் பட்டவராயன் என்று இன்றும் நிற்கிறான். இந்தக் கதைக்கு இரண்டு வழி உண்டு. ஒன்றில் அந்தப் பெண்கள் சக்கிலியர் பெண்களேதான். மற்றதில் காட்டில் கண்டெடுத்து வளர்த்த பிராமணக் குழந்தைகள் என்று ஆகிவிடும். நா. வானமாமலை பதிப்பித்து ஆராய்ந்ததும் இதைத்தான். அன்று அண்ணாவி எதிரே இருக்கும் முகங்களைப் பார்ப்பார். இரவு ஒரு மணிக்கு மேல், கதையோடு ஒட்டிக்கொண்ட நாற்பது ஐம்பது பேர் மட்டும் மிஞ்சியபின், எந்த வழி போவது என்று முடிவெடுப்பார். இன்று ஏழு மணிக்கு, யூடியூபுக்கு யாரோ போன் பிடித்துக்கொண்டிருக்கும்போது, வம்பில்லாத வழியைத்தான் எடுக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டார்கள். சரியாகப் பங்குனி. அந்த வருஷத்து ஒன்பது செவ்வாயும் மொத்தமாகப் போயின, மறு வருஷமும் அதே மாதங்களில் அடைத்தார்கள். காலண்டரில் மற்ற ஐந்து நாளும் வெறுந்தாள் என்று சொன்னேனே, அந்த இரண்டு வருஷம் முழுக்க வெறுந்தாள். குடம் அடித்தவர் திருப்பூர் போனார், திரும்பவில்லை. இப்போது அடிக்கிறவர் அவருடைய மைத்துனர்.

இனி, பத்து மணி. ஒலி மாசு விதிகள் வந்தது 2000இல். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது; உச்ச நீதிமன்றமும் 2005இல் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. விழாக்களுக்கென்று மாநில அரசு வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல், இரவு பன்னிரண்டு மணி வரை தளர்த்தலாம், அவ்வளவே. சாமக்கொடையோ தொடங்குவதே நடுச்சாமத்தில். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கிற விண்ணப்பத்தில் இந்தப் பத்து மணியைச் சுற்றித்தான் ஒவ்வொரு வருஷமும் பேச்சு நடக்கிறது. விதி ஒலிபெருக்கியோடு இசைக்கருவிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறது, ஊரில் பேச்சு மட்டும் ஒலிபெருக்கியைப் பற்றித்தான். பெட்டி இல்லாமலும் வில்லும் உடுக்கையும் ஒலிக்கும் என்பது பல கமிட்டிகளுக்குத் தோன்றுவதே இல்லை. பெட்டியை அணைத்தால் கச்சேரி முடிந்தது என்று நாற்காலியை மடக்கிவிடுவார்கள்.

போன சீசனில் ஒரு வெள்ளிக்கொடை. சுடலை கோயில், பக்கத்தில் பட்டவராயனுக்கும் ஒரு பீடம். நிகழ்ச்சிகள் பிந்திப்போய், வில்லு உட்காரும்போதே ஒன்பதரை. பத்துக்கு ஏட்டு வந்து நின்றார், சவுண்டு சர்வீஸ்காரர் சுவிட்சைத் தட்டினார். பின்வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை, எழுந்து போனார்கள். கீபோர்டு பையன் உறையை மாட்டிவிட்டு வேனில் போய்ப் படுத்தான். அண்ணாவி மைக் ஸ்டாண்டை எடுத்துத் தள்ளி வைத்தார், குடத்துக்காரரை இன்னும் கிட்டே வரச்சொன்னார், சுருதியைக் கொஞ்சம் இறக்கினார். மிஞ்சிய நாங்கள் மணலில் நகர்ந்து நகர்ந்து மணிகள் ஆடுவது தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டோம். குடத்தின் ஒலி காதுக்கு வரும் முன்னால் தரை வழியே வந்தது.

முத்துப்பட்டன் கதை அந்தப் பெண்களின் வளர்ப்புத் தந்தை குடிசைக்கு வந்தபோது, முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி கையை உயர்த்தினாள்.

“ஏ அண்ணாவி, மூத்தவ பேர மொதல்ல சொல்லு. எளையவளச் சொல்லுத?”

அவர் சிரித்துவிட்டார். தப்புத்தான் ஆத்தா என்று வீசுகோலால் நாணை ஒரு தட்டுத் தட்டினார். குடத்துக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். பொம்மக்காவிலிருந்து மறுபடி எடுத்தார்கள்.