மதிப்பீட்டை மதிப்பிடுதல்

ஒரு திட்டம் பயனளித்ததா என ஆராய்ந்து தீர்ப்புக் கூறுதலை மதிப்பீடு என்கிறோம். அத்தீர்ப்பே பிழைபட்டதாயின் யாது செய்வது? மதிப்பிடுவோரை மதிப்பிடவும் ஓர் அளவுகோல் வேண்டுமன்றோ?

இது வெறும் ஏட்டு வினாவன்று. அமெரிக்காவில் 1965இல் ‘ஹெட் ஸ்டார்ட்’ என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. வறிய குடும்பத்துக் குழந்தைகளுக்குப் பள்ளிப் பருவத்திற்கு முன்னரே கல்வியும் உணவும் மருத்துவ உதவியும் அளிப்பது அதன் நோக்கம். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனமும் ஒஹையோ பல்கலைக்கழகமும் 1969இல் அளித்த மதிப்பீடு, குழந்தைகள் பெற்ற அறிவு வளர்ச்சி நிலைத்து நிற்கவில்லை என்று உரைத்தது. டோனால்ட் கேம்பெல் முதலான அறிஞர் அதன் முறையைக் கண்டித்தனர். ஒப்பிடுவதற்கான குழந்தைகள் பின்னரே தெரிந்தெடுக்கப்பட்டனர். அவர்கள் அத்துணை வறியவர் அல்லர். தொடக்கத்திலேயே பின்தங்கியோரைச் சற்று முன்னே நின்றோருடன் ஒப்பிடின், நல்ல திட்டமும் பயனற்றதாகத் தோன்றும் என்பது அவர்கள் வாதம். உணவாலும் மருத்துவத்தாலும் விளைந்த நன்மைகளை அம்மதிப்பீடு அளக்கவுமில்லை.

இத்தகைய அனுபவங்களின் பின்னணியில், பல கல்விக் கழகங்களின் கூட்டுக் குழுவொன்று 1975இல் அமைந்தது. டேனியல் ஸ்டஃபில்பீம் அதன் முதல் தலைவர். 1981இல் அக்குழு 30 நெறிகளை வெளியிட்டது. 1994இலும் 2011இலும் அவை திருத்தப்பெற்றன. அவற்றின் சாரம் பின்வருமாறு:

முதலாவது, பயனுடைமை. மதிப்பீடு யாருக்குத் தேவையோ அவர்தம் வினாக்களுக்கு உரிய காலத்தில் விடை தரவேண்டும்.

இரண்டாவது, இயலுமை. செலவும் உழைப்பும் பயனுக்கு மிஞ்சலாகாது. நடந்துவரும் பணி குலையலாகாது.

மூன்றாவது, முறைமை. ஆய்வுக்குட்பட்டோரின் உரிமையும் கண்ணியமும் காக்கப்படவேண்டும். குறைகளைப் போலவே நிறைகளும் கூறப்படவேண்டும்.

நான்காவது, துல்லியம். சான்றுகள் நம்பத்தக்கனவாகவும், முடிவுகள் அவற்றினின்று பிறந்தனவாகவும் இருத்தல் வேண்டும். மேற்கூறிய மதிப்பீடு இவ்விடத்திலேயே இடறிற்று என்பது கேம்பெல் போன்றோரின் கருத்து.

ஐந்தாவது, பொறுப்புடைமை. இது 2011இல் தனிப் பிரிவாகச் சேர்க்கப்பெற்றது. மதிப்பிடுவோர் தாம் கையாண்ட முறைகளைப் பதிவு செய்து, தம் பணியைத் தாமே சோதித்து, பிறருடைய சோதனைக்கும் உட்படுத்தவேண்டும்.

பயனுடைமை முதலில் நிற்பது கவனிக்கத்தக்கது. எவருக்கும் பயன்படாத மதிப்பீடு எத்துணைத் துல்லியமாயினும் வீண் உழைப்பே. எனினும் பயனை மட்டும் கருதித் துல்லியத்தைக் கைவிடலாகாது. தவறான தீர்ப்பு விரைந்து பயன்படுத்தப்படின், கேடும் விரைந்து விளையும்.

ஆகவே, மதிப்பீட்டறிக்கை ஒன்று நம் கைக்கு வரும்போது அதன் முடிவுரையை மட்டும் வாசித்து அமையலாகாது. யாரை யாரோடு ஒப்பிட்டனர், எதனை அளவாது விட்டனர் என்றும் வினவவேண்டும். அவ்வறிக்கையின் சொல்லால் தாங்கப்படுவோரும் தள்ளப்படுவோரும் பெரும்பாலும் அதனை வாசிக்க வாய்ப்பற்ற எளியோரே.