காமிராவுக்குள் இருக்கும் இரண்டு திரைகள்

பழைய காமிராவைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் அதன் லென்ஸின் தெளிவையும் உலோகக் கூட்டின் கனத்தையும் வியந்து பேசுவார்கள். ஆனால் ஒளியை எப்பொழுது உள்ளே விடுவது, எவ்வளவு நேரம் விடுவது என்ற அதிமுக்கியமான காரியம், அந்தக் கூட்டுக்குள் கண்ணில் படாமல் சுருண்டு கிடக்கும் இரண்டு கறுப்புத் துணிகளின் பொறுப்பில் இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் சிலரே. அந்தத் துணி நைந்தவுடன் காமிராவின் ஆயுளே முடிந்துவிட்டதென்று எண்ணி, அதைப் பழைய சாமான்களோடு ஒதுக்கிவிடுகிறவர்கள் அநேகர். என் அபிப்பிராயம் இதற்கு நேர்மாறானது. அழியக்கூடிய பாகத்தைத் துணியால் செய்து, அதைப் பிரித்து மாற்றுவதற்கும் இடம் வைத்திருந்த காரணத்தினாலேயே, எண்பது, தொண்ணூறு வயதான காமிராக்கள் இன்றும் படம் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

இதற்குச் சிறந்த உதாரணம் லைக்கா. ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரிலிருந்த எர்ன்ஸ்ட் லைட்ஸ் தொழிற்சாலையில் பணியாற்றிய ஆஸ்கார் பார்னாக், சினிமாவுக்கென்று ஏற்பட்ட 35 மில்லிமீட்டர் பிலிமில் 24க்கு 36 மில்லிமீட்டர் அளவுள்ள படங்களை எடுக்கக்கூடிய சிறு காமிராவை 1914 வாக்கில் உருவாக்கினார். அந்த ஆரம்பக் காமிராவில், அடுத்த படத்துக்காகப் பிலிமைச் சுற்றும்பொழுது இரண்டு திரைகளுக்கும் இடையே உள்ள சந்து மூடிக்கொள்ளாது. ஆகையால் லென்ஸின்மேல் மூடியைப் போட்டுக்கொண்டே சுற்றவேண்டியிருந்தது. 1925-இல் லைப்சிக் சந்தையில் விற்பனைக்கு வந்த லைக்காவிலோ, சுற்றும்பொழுது திரைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து அந்த இடைவெளியைத் தாமே மறைத்துக்கொண்டன. கார்க்கோவில் 1934 முதல் தயாரான ஃபெட், யுத்தத்துக்குப் பின் சோவியத் நாட்டில் தயாரான சோர்க்கி ஆகியவையும் இதே அமைப்பைப் பின்பற்றியவையே.

இந்த யந்திரத்தின் சூக்ஷ்மம் எளிமையானது, எளிமையினாலேயே அழகானது. பிலிமுக்கு முன்னால் ரப்பர் பூசிய இரண்டு துணித் திரைகள் இருக்கின்றன. விசையை அழுத்தியதும் முதல் திரை பக்கவாட்டில் ஓடி வழி திறக்கிறது. இரண்டாவது திரை அதைப் பின்தொடர்ந்து ஓடி வழியை அடைக்கிறது. வேகத்தைக் கூட்டி வைத்தால் திரைகள் விரைந்து ஓடும் என்றே சாமானியமாக எவரும் நினைப்பர். அவ்விதமன்று. ஒரு வினாடியின் இருபதில் ஒரு பாகமானாலும் ஐந்நூறில் ஒரு பாகமானாலும் திரைகளின் ஓட்டம் ஏறக்குறைய ஒன்றேதான். மாறுவதெல்லாம் முதல் திரை கிளம்பியபின் இரண்டாவது திரை எவ்வளவு பொறுத்துக் கிளம்புகிறது என்பது ஒன்றே. ஐந்நூறில் ஒரு பாகமென்று வைத்தால், சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சந்து மாத்திரம் படத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்ந்து செல்லும். இதே தத்துவத்தில் அமைந்த கண்ணாடித் தகட்டுக் காமிராவினால் பிரான்ஸ் தேசத்துப் புகைப்படக்காரர் லார்த்தீக் எடுத்த பந்தயக் கார் படத்தில், சக்கரம் முட்டை வடிவாகச் சாய்ந்து நிற்பதற்குக் காரணம், சந்து படத்தைக் கடப்பதற்குள் கார் நகர்ந்துவிட்டதேயாகும்.

காலம் செல்லச் செல்ல, துணியின்மேல் உள்ள ரப்பர் உலர்ந்து, விறைத்து, மடிப்புகளில் வெடிக்கிறது. வெடித்த இடத்தின் வழியே நுழையும் ஒளி படத்தில் வெண்புள்ளிகளாக விழுகிறது. லென்ஸைச் சூரியனுக்கு நேராக வைத்துவிட்டால், பூதக்கண்ணாடிபோல் அது வெயிலைக் குவித்துத் துணியைச் சுட்டுத் துளைத்துவிடவும் கூடும். ஓர் ஊசித் துளையானால் கறுப்புச் சாயம் தொட்டு அடைக்கலாம். துணி முழுவதும் விறைத்துவிட்டால் புதிதாக மாற்றுவதே பரிகாரம்.

கூட்டைக் கழற்றியதும் பழைய துணியைக் கிழித்தெறியத் தோன்றும் அவசரத்தை அடக்கிக்கொள்வதே இவ்வேலையில் முதற்படி. உயிரற்றுப்போன அந்தத் துணியே புதிய துணிக்கு அளவுகோல். அதன் நீளம், அகலம், எந்தப் பக்கம் லென்ஸை நோக்கியிருந்தது, துணி சுற்றிக்கொள்ளும் உருளையில் எவ்விடத்தில் ஒட்டியிருந்தது என்பவற்றையெல்லாம் குறித்துக்கொண்ட பிறகே அதைப் பிரிக்கவேண்டும். முதல் திரையின் துணி, ஸ்பிரிங் அடங்கிய உருளையில் ஒட்டப்பட்டு, துணியோடு இணைந்த நாடாக்கள் எதிர்ப்புறத்துப் பெரிய உருளைக்குச் செல்லும். இரண்டாவது திரையில் இது தலைகீழ், துணி பெரிய உருளையிலும் நாடாக்கள் ஸ்பிரிங் உருளையிலும் சேரும். புதிய துணி மெல்லியதாகவும் துவளக்கூடியதாகவும் இருக்கவேண்டும். சற்றே தடித்துவிட்டாலும் உருளையில் சுற்றிய பின் பருமன் கூடி, ஓட்டம் முழுவதும் கெட்டுவிடும். பழைய பசையை ஒரு துகளும் விடாமல் சுரண்டியெடுத்து, ரப்பர் பசையை மெல்லப் பூசி ஒட்டவேண்டும். சந்தின் இரு ஓரங்களிலும் உள்ள உலோகப் பட்டைகள் ஒன்றுக்கொன்று அணுவளவும் சாயாமல் இணையாக நிற்பதே இவ்வேலையின் உயிர்நிலை; ஒன்று சாய்ந்தாலும் படத்தின் மேற்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் வெவ்வேறு அளவில் ஒளி கிடைக்கும்.

பசை நன்றாக உலர்ந்த பின்னரே ஸ்பிரிங்குக்கு முறுக்கு ஏற்றவேண்டும். திரை தயங்கி ஓடினால் முறுக்கை மேலும் ஏற்றுவது பலருடைய வழக்கம். ஆனால் தயக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் உருளையின் முனைகளில் உறைந்துபோன பழைய எண்ணெயே. அதைத் துடைத்துவிட்டால் குறைந்த முறுக்கிலேயே திரை தாராளமாக ஓடும். புதிய துணிக்கும் இழுப்பு குறையும். இரண்டாவது திரை முதல் திரையை எட்டிப் பிடிக்குமானால் சந்து குறுகி, படத்தின் ஓர் ஓரம் இருண்டுபோகும். இதைச் சோதிப்பதற்கு இக்காலத்தில் மின்கருவிகள் உண்டு; முன்பெல்லாம் பழைய பெரிய டெலிவிஷன் பெட்டியின் திரையைக் காமிராவில் ஓடும் சந்தின் வழியாகப் பார்த்து, தெரியும் சாய்ந்த ஒளிப்பட்டை நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்பதைக்கொண்டே ஓட்டத்தின் சீரைத் தேர்ந்த பழுதுபார்ப்பவர்கள் கண்டுகொண்டார்கள்.

2022-இல் மறுபடியும் வெளிவந்த லைக்கா எம்6 பிலிம் காமிராவிலும் ரப்பர் பூசிய துணித் திரைகளே இருக்கின்றன. நூறு வருஷங்களுக்குப் பின்னும் துணி கைவிடப்படவில்லை. தேய்கிற பாகம் இன்னதென்று முன்கூட்டியே உணர்ந்து, அதைப் பிரிக்கவும் புதுப்பிக்கவும் இடங்கொடுத்துச் செய்த பொருளுக்கு மூப்பு உண்டு, முடிவு இல்லை. வீட்டில் பாட்டனார் காலத்துக் காமிரா ஒன்று இருந்து, அதன் திரை கிழிந்திருக்குமானால், அதைத் தூக்கி எறியாமல், இந்த வேலை தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். உடைந்தது காமிரா அல்ல, அதிலுள்ள இரண்டு முழத்துக்கும் குறைந்த துணியே.