வீட்டில் இருக்கிறேன், வேலையில் இருக்கிறேன்

என் வேலை மெடிக்கல் கோடிங். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போட வேண்டும். அதை வைத்துத்தான் அங்கே இன்ஷூரன்ஸ் பணம் வாங்குவார்கள். திருச்சியில் இந்த வேலையை நம்பி இருக்கும் பெண்கள் ஏராளம். நோயாளியின் விவரம் சம்பந்தமில்லாதவர் கண்ணில் படக் கூடாது என்பது அமெரிக்காவின் ஹிப்பா சட்டம். ஆகவே வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்டதும் எங்கள் கம்பெனி முதலில் சொன்னது, தனி அறை வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும் என்பதைத்தான். வீட்டுக்காரரே ஆனாலும் பின்னால் வந்து நின்று திரையைப் பார்க்கக் கூடாது.

பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பப் போகிறேன், வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றதும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சந்தோஷம். "அப்புறம் என்ன, புள்ள உன் கண்ணு முன்னாடியே இருக்கும்" என்றார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறேன் என்று சொன்னபோது அதே முகங்கள் மாறிப்போயின. "வீட்லதானே இருக்கே, ஆளு எதுக்கு?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போன பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்கள் வீட்டு ஆண்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

கைக்குழந்தை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்கும் என்று டாக்டர்கள் சொல்வது சரிதான். ஆனால் பகல் தூக்கம் துண்டு துண்டாக வரும். எப்போது வரும், எப்போது கலையும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் வேலையிலோ ஒரு மணி நேரத்துக்கு இத்தனை சார்ட், அதாவது இத்தனை நோயாளிகளின் குறிப்பு, என்று கணக்கு. தரம் 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. ஒரு சார்ட்டைப் பாதியில் விட்டு எழுந்தால் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். அடிபட்டது இடது கையா வலது கையா என்ற ஒரு சொல் கண்ணில் படாமல் போனாலே குறியீடு மாறிவிடும். பிறந்த குழந்தைகளுக்கு உரிய இசட்38 வரிசையைப் போடுகிற நேரத்தில் மனசு பக்கத்து அறைக்குப் போய்விடுகிறது. போகட்டும். உடம்பு நாற்காலியில்தான் இருந்தாக வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் பஸ் நேரம் மிச்சமாகிறது, மதியச் சாப்பாடு சூடாகக் கிடைக்கிறது. வேலை நேரம் வேலை நேரமாகவேதான் இருக்கிறது. அந்த நேரத்துக்குக் குழந்தையின் பொறுப்பை ஏற்க இன்னொருவர் வேண்டும். அவர்தான் பொறுப்பு என்று வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் கூட வருகிறது? 1961-ல் வந்த மகப்பேறு நலச் சட்டத்தை 2017-ல் திருத்தியபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு கூடிய லீவு 12 வாரத்திலிருந்து 26 வாரம் ஆனது. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாலேயே எடுக்கலாம். அப்படி எடுத்தால் பிறந்த குழந்தையோடு இருக்க 18 வாரம்தான் மிஞ்சும். தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்லும் ஆறு மாதம் நிறைவதற்குள் வேலைக்குத் திரும்ப வேண்டிவரும். உடம்பு இடம் கொடுத்து, டாக்டரும் சரி என்றால், லீவைப் பிரசவத்துக்குப் பிறகு வருகிற மாதிரி வைத்துக்கொள்வதே நல்லது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால், லீவுக் காலப் பணம் இஎஸ்ஐ வழியாக வரும். தமிழக அரசில் வேலை பார்க்கும் பெண்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத லீவு. தனியாரில் இருக்கும் எங்கள் குழந்தைகளுக்கும் அந்த ஒரு வருஷம் வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அதே 2017 திருத்தத்தில்தான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைப் பற்றியும் ஒரு பிரிவு வந்தது. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், லீவு முடிந்தபின் அப்படிப் பார்க்கலாம். எவ்வளவு காலம், என்ன நிபந்தனை என்பதை முதலாளியும் அந்தப் பெண்ணும் பேசி முடிவு செய்ய வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் 4 முறை போய்ப் பார்த்து வரலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் பால் கொடுக்க இரண்டு இடைவேளை என்பது பழைய சட்டத்திலேயே உண்டு. 2020-ன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த ஏற்பாடுகள் தொடர்கின்றன. வீட்டில் இருப்பவளுக்கு ஆபீஸ் காப்பகத்தால் பயனில்லை. ஆனால் பால் இடைவேளை நமக்கும் உண்டு. லாகின் நேரம், மீட்டிங் நேரம், இடைவேளை நேரம் மூன்றையும் ஹெச்ஆரிடமிருந்து மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பால் இடைவேளை காலை 10.30, மதியம் 3 மணி என்று எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். டீம் லீடர் மாறினாலும் அந்த மெயில் பேசும்.

அங்கன்வாடியில் விடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊர் அங்கன்வாடிகளில் இரண்டு வயது நிறைந்த பிள்ளைகளைத்தான் பகலில் வைத்துக்கொள்வார்கள். கைக்குழந்தைக்கு எடை பார்ப்பார்கள், ஆறு மாதம் ஆனதும் சத்துமாவு கொடுப்பார்கள். அதை நான் வாங்குகிறேன், பாப்பா விரும்பிச் சாப்பிடுகிறாள். ஆறு மாதக் குழந்தை முதல் சேர்த்துக்கொள்ளும் காப்பகங்களுக்கு மத்திய அரசின் பால்னா திட்டம் இருக்கிறது. அப்படி ஒன்று நடந்து போகும் தூரத்தில் இருந்தால் எவ்வளவோ பேருக்கு விடிவு. நான் விசாரித்த ப்ளே ஸ்கூல்களில் நடக்கத் தெரிந்த பிள்ளையைத்தான் கேட்டார்கள். ஆக, ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் நடுவில் ஒரு வருஷம் கையில் நிற்கிறது.

எங்கள் அம்மாவுக்கு மூட்டு வலி. தவழ்கிற பிள்ளையின் பின்னால் குனிந்து நிமிர முடியாது. மாமியார் மணப்பாறையில் மாடு கன்றோடு இருக்கிறார். வந்து இருங்கள் என்று அழைத்தோம். பத்து நாள் இருக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்தத் தெளிவுக்காக அவரை நான் மதிக்கிறேன். பேரப்பிள்ளையைக் கொஞ்சுவது வேறு, எட்டு மணி நேரம் பொறுப்பேற்பது வேறு. பாட்டிமார்களைக் கேட்க வேண்டும், கேட்காமலே அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

ஆள் தேடியபோது நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு புரோக்கர் போன் செய்தார். "கிராமத்துப் பொண்ணு மேடம், பதிமூணு வயசு, அடக்கமா இருக்கும், பாப்பாவத் தூக்கி வச்சுக்கும், வீட்லயே தங்கிக்கும், மாசம் நாலாயிரம் குடுங்க போதும்" என்றார். பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபரிலிருந்தே தடை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். என் பிள்ளையை ஒரு பிள்ளை தூக்கிச் சுமந்தால்தான் நான் சம்பாதிக்க முடியும் என்றால் அந்தச் சம்பளம் எனக்கு வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசினேன். புரோக்கர் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

எங்களுக்கு அமைந்தவர் உறையூரிலிருந்து வருகிறார். தெருமுனை இட்லிக் கடையில் சொல்லிவைத்து வந்தவர். இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். அக்கா என்று கூப்பிடுகிறேன். லீவு முடிவதற்கு முன்னாலேயே அவரை வரச் சொல்லிவிட்டோம். குளிப்பாட்டுவதையும் ஊட்டுவதையும் தூங்கவைப்பதையும் நான் பக்கத்தில் இருக்கும்போதே அவர் கையில் விட்டேன். ஆள் வைக்கிற யாரும் இந்த நாட்களைத் தவறவிடக் கூடாது. கைக்குழந்தைக்குப் புது மணம், புதுக் குரல், புது மடி எல்லாம் பழக வேண்டும்.

அக்காவிடம் நான் கற்றது நிறைய. சோற்றைக் குழைக்கும்போது விரல் நுனியால் ஒவ்வொரு பருக்கையாக நசுக்கிப் பார்ப்பார். பல் முளைக்காத ஈறு அதை மெல்லுமா என்று அவர் கைக்குத் தெரியும். நான் கேட்டுக்கொண்டவையும் உண்டு. ஒரு வயதுவரை தேன் கூடாது, நாக்கில் தடவக்கூட வேண்டாம். போனைக் காட்டி ஊட்டக் கூடாது. இரண்டு வயதுவரை திரையே வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. தூளிக்குத்தான் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. சேலையில் தூளி கட்டி ஆட்டினால் பாப்பா உடனே தூங்கிவிடுவாள். ஆனால் புரண்டு எழப் பார்க்கிற வயது வந்துவிட்டதால், தரையில் விரித்த பாயில் மல்லாக்கப் படுக்கவைப்பது என்று முடிவு செய்தோம். "எங்க காலத்துல எல்லாம் தூளிதான் சாமி" என்றார். அதைச் சொல்லிவிட்டுப் பாயையும் அவரே விரித்தார். தொண்டையில் ஏதாவது அடைத்தால் குழந்தையை முன்கையில் தலை தாழக் கவிழ்த்து முதுகில் 5 தட்டு, திருப்பி மார்பில் 5 அழுத்து, உடனே 108. இதை எங்கள் குழந்தை டாக்டர் பொம்மையை வைத்து அக்காவுக்கும் என் கணவருக்கும் சேர்த்தே காட்டிக்கொடுத்தார்.

இடைவேளைக்கு வெளியே பசித்தால் கொடுக்கப் பால் பீய்ச்சி வைக்கிறேன். எடுத்த பாலை 25 டிகிரி சூட்டில் 4 மணி நேரம்வரை வெளியே வைக்கலாம் என்பார்கள். திருச்சி வெயிலில் அந்தக் கணக்குப் பொருந்தாது. எடுத்ததும் ஃபிரிஜ்ஜின் உள்பக்கத்தில் வைக்கிறேன், அங்கே 4 நாள்வரை இருக்கும். டம்ளர் மேல் தேதியும் நேரமும் எழுதி ஒட்டுகிறேன். கொதிக்க வைக்காமல் வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடேற்றி, பாலாடையில் அக்கா புகட்டுவார்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது அந்தக் கதவு. எட்டு மாதம் நெருங்கும்போது, கண்ணில் படாவிட்டாலும் அம்மா எங்கேயோ இருக்கிறாள் என்று குழந்தைக்குப் புரியத் தொடங்குகிறது. மீட்டிங்கில் என் குரல் கேட்டதும் பாப்பா தவழ்ந்து வந்து கதவடியில் உட்கார்ந்து உள்ளங்கையால் தட்டுவாள். கதவின் கீழ் இடுக்கில் அவள் விரல்கள் தெரியும். ஆபீஸுக்குப் போகிற தாய்க்கு இந்த வேதனை இல்லை. குழந்தை கொஞ்ச நேரம் அழுது அடங்கிவிடும். இங்கே நான் ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறேன். அழும்போதெல்லாம் நான் எழுந்து வந்தால் அழுதால் கதவு திறக்கும் என்று அவளுக்குப் படும். தன் கைக்கு மதிப்பில்லை என்று அக்காவுக்கும் படும். ஆகவே காலையில் சொல்லாமல் நழுவி உள்ளே போவதில்லை. முத்தம் கொடுத்து, கை அசைத்து, அவள் பார்க்கப் பார்க்கக் கதவை மூடுகிறேன். இடைவேளைக்கு மட்டும் வெளியே வருவேன். உண்மையிலேயே நான் வேண்டும் என்றால் அக்கா இரண்டு முறை தட்டுவார். அவர் தட்டினால் எந்த மீட்டிங்காக இருந்தாலும் எழுந்துவிடுவேன். அப்படி அவர் தட்டுவது அபூர்வம். அழுகிற பாப்பாவை இடுப்பில் ஏந்தி வாசலுக்குக் கொண்டுபோய்க் காக்கா, அணில், தண்ணீர் லாரி என்று காட்டுவார். சத்தம் மெல்லத் தேய்ந்து தெருவுக்குப் போவது உள்ளே எனக்குக் கேட்கும். என் குழந்தை இன்னொருவரை நம்புகிறாள் என்பதில் எனக்கு நிம்மதிதான்.

அக்காவுக்கு மாதம் 12,000 ரூபாய். என் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. கணக்கில் பார்த்தால் கையில் நிற்பது சொற்பம் என்று சிலர் சொன்னார்கள். அந்தச் செலவை என் சம்பளத்திலிருந்து மட்டும் ஏன் கழிக்க வேண்டும்? குழந்தை இருவருடையதும்தானே. பாதியை என் கணவர் தருகிறார். காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை வேலை, ஞாயிறு விடுமுறை, சம்பளத்தோடு மாதம் ஒரு நாள் லீவு, பொங்கலுக்கு நான்கு நாள். பாத்திரமும் துணியும் அவர் வேலை இல்லை. பாப்பா தூங்கும் நேரம் அவர் ஓய்வு நேரம். அக்கா லீவு எடுக்கும் நாளில் கணவர் துவாக்குடிக்கு வேலைக்குப் போகாமல் லீவு போடுகிறார், அடுத்த முறை நான்.

தமிழ்நாட்டில் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கென்று 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்கள் பதியலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, விபத்துக்கு உதவி, 60-க்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் உண்டு. இத்தனை வருஷம் வீடு வீடாக வேலை பார்த்த அக்காவிடம் யாரும் இதைச் சொன்னதில்லை. ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை என் லேப்டாப்பில்தான் பதிந்தோம், பாப்பா அவர் மடியில் இருக்க. அட்டை வந்துவிட்டது. தை பிறந்ததும் சம்பளத்தை 1,000 ரூபாய் கூட்டுவது என்றும், பாப்பா அங்கன்வாடிக்குப் போகத் தொடங்கிய பிறகு அரை நாள் வேலையாக வைத்துக்கொள்வதா என்று அப்போது பேசிக்கொள்வது என்றும் சொல்லி வைத்திருக்கிறோம்.